தார்க்குறி போட்ட டின்கள்

போடி,
18.1.1981

அன்புள்ள மூக்கம்மாவுக்கு மதினி சுருளியம்மாள் எழுதுவது.

பொங்கலுக்கு நீ வருவாய் என்று உன் அண்ணன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றார். எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு லீவு இல்லையா, இறங்கி வர ஜீப் கிடைக்கவில்லையா? ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். அத்தை என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னை அந்த மலைக்கு வேலைக்குப் போகச் சொன்னது நான்தான் என்று இன்னும் மனதில் வைத்திருக்கிறார்கள்.

நாம் இரண்டு பேரும் ஆரம்பித்த சங்கத்தின் கதையைக் கேள். பலகையில் 'கொட்டகுடி ஆற்றுத் தூய்மைச் சங்கம்' என்று புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. ஏலக்காய் வியாபாரி சின்னச்சாமி ஐயா தலைவராகிவிட்டார். உன் அண்ணன் பொருளாளர். சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சந்தா கேட்பதால் பாதிப் பேர் பஞ்சர் ஒட்ட வேறு கடைக்குப் போகிறார்கள். நான் செயலாளர். காலையில் தையல் வகுப்பு, சாயங்காலம் சங்கம்.

பலகை நன்றாக இருக்கிறது. ஆறுதான் அப்படியே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கூடையும் மண்வெட்டியுமாக இறங்கினோம். வருகிறேன் என்று சொன்னவர்களில் பாதி வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் வெயில் ஏறியதும் கழன்றுகொண்டார்கள். பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம். மதியம் கரை ஏறி நிமிர்ந்து பார்க்கிறேன், கறிக்கடைக்காரர் ஒருவர் நாங்கள் பெருக்கிய இடத்திலேயே கூடையைக் கவிழ்க்கிறார். "அண்ணே, இப்பத்தான அள்ளினோம்" என்றேன். "அதான் நீங்க அள்ளுறீங்கள்லம்மா, இல்லாட்டி நான் வேற எடத்துலல்ல போடணும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

இன்னொன்று. மழை நின்ற பிறகும் ஆற்றில் பூச்சிமருந்து டின்கள் வருகின்றன. எல்லாம் உங்கள் சரிவிலிருந்து வருகிறவை. கீழே பெருக்கிக்கொண்டிருப்பதைவிட மேலே வந்து ஓடையைச் சுத்தம் செய்யலாம் என்று கூட்டத்தில் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நீ மானேஜரிடம் அனுமதி கேட்டுச் சொல்வாயா?

உன் மதினி,
சுருளியம்மாள்


வெள்ளக்கல் எஸ்டேட்,
27.1.1981

அன்புள்ள மதினிக்கு,

பொங்கலுக்கு இங்கே ஏலக்காய் எடுப்பு நடந்தது. தாய்மார் தோட்டத்துக்குள் போய்விட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில்தான் விடுவார்கள். பூட்டிவிட்டு வர முடியவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

டின்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆற்றுக்கு வருவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். வராமல் இங்கேயே தங்கிவிடும் டின்களை நான் பார்க்கிறேன். ஏலச் செடிக்கு மருந்து அடித்து முடித்ததும் காலி டின்னை ஓடையோரம் எறிவார்கள். அதில் நல்லதாகப் பார்த்து எடுத்துவந்து, மேல்மூடியை வெட்டி, கம்பி கோத்து, தண்ணீர் எடுக்க வைத்துக்கொள்வார்கள். லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். என் பிள்ளைகளில் சிலர் மதியக் கஞ்சியையே அதில்தான் கொண்டு வருகிறார்கள்.

நான் பலகையில் மண்டையோடும் எலும்பும் வரைந்து, இந்தப் படம் போட்ட டின்னைத் தொடக் கூடாது என்று பாடம் நடத்தினேன். முதல் வகுப்பு ஜக்கம்மா எழுந்து, "அது கம்பெனிக்காரங்க படம் டீச்சர்" என்றாள். பீடிக் கட்டில் ஒரு படம் இருக்கிறது, தீப்பெட்டியில் ஒரு படம் இருக்கிறது, அதுபோலத்தானே என்று அவள் கணக்கு. அவள் அம்மா முனியாயியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கழுவி வெயில்ல காயப் போட்டுத்தான் டீச்சர் எடுக்குறோம். வாடையே இல்ல, வேணும்னா மோந்து பாருங்க" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

மானேஜரைப் பார்த்தேன். செலவில்லாமல் தோட்டம் சுத்தமாகிறது என்றதும் ஒத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் யாரும் வரக் கூடாது என்பது மட்டும் அவர் நிபந்தனை. நான் உறுதி சொல்லியிருக்கிறேன். மருந்தடிப்பு இல்லாத ஞாயிறாகப் பார்த்து, பிப்ரவரி 22 வாருங்கள்.

மூக்கம்மாள்


போடி,
28.2.1981

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

அன்றைக்கு உன்னோடு இரண்டு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியவில்லை. முகாம் நல்லபடியாகத்தான் நடந்தது. நாம் ஓடைக்குள் இறங்கி டின்களைத் தூக்கியதும் லயத்துப் பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்களே, அதைப் பார்த்தபோது பாலத்துக் கூட்டமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. வீட்டில் இருந்த டின்களைக்கூட நீ சொன்னாய் என்று சிலர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இனி யாரும் எடுத்துப் புழங்கக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் நீ தாரால் பெருக்கல் குறி போட்டாய். உன் கையில் அந்தக் கறை போயிற்றா?

ஆனால் பேப்பரில் படம் வந்துவிட்டது. நிருபரைச் சங்கத்து ஆள் என்று சொல்லிக் கூட்டிவந்தது தலைவர்தான். எனக்கே மறுநாள்தான் தெரியும். கேட்டால், "நல்ல காரியம் பண்ணி அத நாலு பேருக்குத் தெரியாம வச்சிக்கிறதா?" என்கிறார். படத்தில் அவர்தான் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஒரு டின்னைத்தான் அவர் அன்றைக்குத் தொட்டார்.

லாரியில் ஏற்றிவந்த டின்களெல்லாம் சங்க அறைக்குப் பின்னால் கிடக்கின்றன. நகராட்சியில் கேட்டோம். மலையிலிருந்து வந்த குப்பை எங்கள் எல்லைக் குப்பை அல்ல என்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா வாடை தாங்கவில்லை என்று தினமும் சண்டைக்கு வருகிறார். கடப்பாரையால் ஓட்டை போட்டுப் புதைக்கச் சொன்னாய். ஓட்டை போட்டால் மிச்ச மருந்து வழிந்து அந்தம்மாள் கிணற்றுக்குப் போகும் என்று உன் அண்ணன் பயப்படுகிறார். புதைக்க யாரும் இடம் தரவில்லை. மானேஜரை நீதான் சமாதானப்படுத்த வேண்டும்.

சுருளியம்மாள்


வெள்ளக்கல் எஸ்டேட்,
8.3.1981

மதினிக்கு,

மானேஜர் பேப்பரை மேஜையில் விரித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "டீச்சர் பிள்ளையளப் படிப்பிச்சா மதி" என்றார். மதி என்றால் போதும் என்று அர்த்தம், மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார். அன்றைக்கு அதில் மரியாதை கலக்கவில்லை. இனி வெளியாள் யாரும் கேட் தாண்டக் கூடாதாம். என் வார்த்தைக்கு இங்கே இருந்த மதிப்பு உங்கள் தலைவரின் படத்தோடு போயிற்று.

அது கிடக்கட்டும். டின்களை என்ன செய்தீர்கள்? அப்படியே வைத்திருக்காதீர்கள். வழியாத இடமாகப் பார்த்து, தார்ப்பாய் விரித்தாவது ஓட்டை போடுங்கள். பத்துப் பேர் ஒரு நாள் நின்றால் முடிகிற வேலை. படம் எடுக்க வந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

மூக்கம்மாள்


போடி,
30.3.1981

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஆண்டு விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது. டின்களைப் பற்றிக் கவலைப்படாதே. உன் அண்ணன் ஆள் பார்த்து அப்புறப்படுத்திவிட்டார். இடம் கழுவி விட்டாயிற்று. பக்கத்து வீட்டம்மா சிரிக்கிறார். கோடை லீவுக்குக் கட்டாயம் வா.

சுருளியம்மாள்


வெள்ளக்கல் எஸ்டேட்,
12.7.1981

மதினிக்கு,

லீவுக்கு வந்திருந்தபோது, டின்களை எங்கே புதைத்தாய் என்று அண்ணனைக் கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, சாப்பிடு" என்று பேச்சை மாற்றினான். நீங்களும் ஆண்டு மலரை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். நான் மேற்கொண்டு கேட்காமல் விட்டேன்.

போன வாரம் சம்பள நாள். அன்றைக்குப் பாத்திரம், துணி, வளையல் எல்லாம் ஜீப்பில் வந்து லயத்து முன்னால் கடை விரிப்பார்கள். இந்த முறை நீலப் பெயிண்ட் அடித்த டின்கள் வந்தன. மூடியும் கைப்பிடியும் வைத்து, பார்க்கவே லட்சணமாக இருந்தன. பெண்கள் முண்டியடித்து வாங்கினார்கள். முனியாயியும் ஒன்று வாங்கினாள். அவளிடம் இருந்த பழைய டின்னைத்தான் நான் முகாமன்று வாங்கிக்கொண்டேனே.

வியாழக்கிழமை காலையில் ஜக்கம்மா, ராத்திரி அந்த டின்னில் ஊற்றி வைத்திருந்த நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிரார்த்தனைக்கு நிற்கும்போதே வாயில் எச்சில் ஒழுகியது. வாந்தி எடுத்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நானும் முனியாயியும் ஜீப்பில் போட்டுக்கொண்டு போடிக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் முனியாயி குனிந்து, பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணைத் திறந்து பார்த்ததுமே, "பூச்சி மருந்து எப்படி உள்ள போச்சு?" என்றுதான் கேட்டார். அன்று முழுக்க ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டாள். இன்னும் எழுந்து நடக்கவில்லை. உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் வரவில்லை.

திரும்பி வந்து முனியாயி வீட்டு டின்னைச் சுரண்டிப் பார்த்தேன். நீலத்துக்கு அடியில் தார் மேடாகத் தட்டுப்பட்டது. பெருக்கல் குறி. நான் போட்டது. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். பல டின்களில் இருக்கிறது.

முனியாயி என்னிடம் சத்தம் போடவில்லை. "நீங்க எடுத்துட்டுப் போனதுதானா டீச்சர் இது?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த மலையில் எத்தனை எஸ்டேட்டுக்கு அந்த ஜீப் போயிற்று என்று தெரியாது. டின்கள் எப்படி வெளியே போயின? யார் கொடுத்தது? எழுதுங்கள்.

மூக்கம்மாள்


போடி,
19.7.1981

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுக் கடைக்குள் போய் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடினார். பிறகு சொன்னார். பழைய இரும்புக் கடைக்காரரிடம் போட்டிருக்கிறார். "உருக்கத்தான் கொண்டு போறேன்னு சொன்னான். தகரத்த வாங்கி வேற என்ன செய்வான்னு நெனச்சேன்" என்றார். அந்தப் பணத்தில்தான் உன் கையில் நான் கொடுத்த ஆண்டு மலர் அச்சாகியிருக்கிறது.

அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். நானும் கேட்கவில்லையே. இடம் காலியானதும் தலைவலி விட்டதென்று இருந்துவிட்டேன்.

தலைவரிடம் சொன்னேன். அடுத்த மாதம் கலெக்டர் ஆபீசிலிருந்து சங்கத்தைப் பார்க்க வருகிறார்களாம். உதவித்தொகை கிடைக்கும் நேரத்தில் இதை வெளியே விட்டால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்கிறார். இரும்புக் கடையில் விசாரித்து மிச்சத்தைச் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிவிடலாம் என்றும் சொல்கிறார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்தால் உன் அண்ணன் கடையில் உட்கார முடியுமா? அத்தைக்கு என்ன சொல்வது? அவர் உன் கூடப் பிறந்தவர், மூக்கம்மா. கொஞ்சம் பொறு. ஜக்கம்மாவுக்கு ஹார்லிக்ஸ் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

சுருளியம்மாள்


வெள்ளக்கல் எஸ்டேட்,
26.7.1981

செயலாளர் அவர்களுக்கு,
கொட்டகுடி ஆற்றுத் தூய்மைச் சங்கம், போடிநாயக்கனூர்.

தங்கள் கடிதமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கிடைத்தன. பாட்டிலை முனியாயி வாங்க மறுத்துவிட்டாள். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் சங்கம் அப்புறப்படுத்திய டின்கள் இந்த மலைச் சரிவில் எத்தனையோ வீடுகளில் குடிதண்ணீர் டின்களாக இருக்கின்றன. இந்த எஸ்டேட்டில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் நம்பவில்லை. ஓசியில் வாங்கிக்கொண்டு போய் பெயிண்ட் அடித்து விற்றது நாம்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த எஸ்டேட்டுக்குள் என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போடிச் சந்தைக்கு எல்லா எஸ்டேட் ஆட்களும் இறங்குகிறார்கள். அவர்களிடம் சங்கம்தான் சொல்ல வேண்டும். எப்படிப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பொறுத்திருக்கச் சொல்கிறீர்கள். இங்கே தினமும் அந்த டின் தண்ணீரில்தான் உலை வைக்கிறார்கள்.

மூக்கம்மாள், ஆசிரியை


போடி,
17.9.1981

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். செய்யாமல் எழுதக் கூடாது என்று எழுந்துவிட்டேன்.

கூட்டத்தில் உன் இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். தலைவர் பாதியில் எழுந்து, "சங்கத்துப் பேரச் சந்தையில வச்சு விக்கப் போறியாம்மா?" என்றார். "சங்கத்து டின்ன வித்தாச்சுல்லங்கய்யா" என்றேன். அந்த வாய்க்காகவே என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கித் தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் ஆற்றில் என்னோடு மண்வெட்டி பிடித்தவர்களும் உண்டு.

அதற்கடுத்த ஞாயிறு, தையல் வகுப்புப் பெண்களோடு, ரேடியோ செட் கட்டிய ஜீப் ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சந்தை வாசலில் நிறுத்தினேன். மைக்கைக் கையில் வாங்கினேன். நீலப் பெயிண்ட் டின்களில் தண்ணீர் பிடிக்காதீர்கள், அவை மருந்து டின்கள், அவற்றைக் காசுக்கு விற்றது எங்கள் சங்கம், விற்றவர் என் கணவர், கேட்காமல் இருந்தவள் நான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். தேர்தல் வருகிறதா என்று ஒருவர் கேட்டார். கருவாட்டுக் கடையில் நின்ற ஒரு அம்மாள் மட்டும் கிட்டே வந்தார். "நல்லதுதான் சொல்லுற தாயி. இதத் தூக்கிப் போட்டுட்டு நான் எதுல தண்ணி எடுக்க?" என்றார். பித்தளைக்குடம் வாங்க அவர்களால் முடியாது. மண்குடம் அந்தப் பாதையில் ஒரு வாரம் தாங்காது. இத்தனை மாதம் தொடாதே, தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, இதை நாம் யோசித்தோமா?

உன் அண்ணன் அன்று முழுக்க ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு அத்தையிடம்தான். போன வாரம் பார்க்கிறேன், வாடகைக்கு விடும் சைக்கிள்கள் ஒன்றையும் காணோம். கடை வெறிச்சென்று கிடக்கிறது. சைக்கிள்களை விற்ற பணத்தில் திண்டுக்கல்லிலிருந்து பிளாஸ்டிக் குடங்கள் லோடு வந்து இறங்கியது. "மேல கொண்டு போறேன். வெரசா ஒரு சீட்டு எழுதிக் குடு, எந்தெந்த எஸ்டேட்டுன்னு" என்றார்.

இந்தக் குடமும் உடைந்தால் ஒரு நாள் ஆற்றுக்குத்தான் வந்து சேரும். தெரிந்துதான் அனுப்புகிறேன். என் மேல் உள்ள கோபத்தை அவரிடம் காட்டிவிடாதே. கேட் மட்டும் திறந்துவிடச் சொல்.

சுருளியம்மாள்


வெள்ளக்கல் எஸ்டேட்,
11.10.1981

அன்புள்ள மதினிக்கு,

அண்ணன் போன சனிக்கிழமை வந்தான். மானேஜர் ஜீப்பை உள்ளே விட மறுத்தார். ஜக்கம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, இதை எடுத்துக்கொண்டு நானே பேப்பருக்குப் போவேன் என்றேன். அப்போதும் ஜீப்பை விடவில்லை, ஆளை மட்டும் விட்டார். அண்ணன் குடங்களைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஏறி வந்தான். திரும்பத் திரும்பக் கீழே போய் எடுத்து வந்தான். லயத்து ஆண்கள் சிலர் பிறகு கூட இறங்கினார்கள்.

வீட்டுக்கு வீடு அவனே போய் நின்றான். "இந்த நீல டின்ன வித்தது நான்தான். இதக் குடுத்துட்டு இந்தக் கொடத்த எடுத்துக்கங்க" என்றான். ஒரு வீட்டில் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அண்ணன் கையை எடுக்கவில்லை, பிடித்தவரே விட்டுவிட்டார். சிலர் குடத்தையும் வாங்கிக்கொண்டு, டின் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுப்படியில் அது இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அவன் வற்புறுத்தவில்லை. நான் வற்புறுத்தினேன், பலிக்கவில்லை.

வந்த டின்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஓடையிலிருந்து தள்ளி, பாறைப் பள்ளத்தில் போட்டுக் கடப்பாரையால் குத்தினோம். மண் போட்டு மூடியாயிற்று. பக்கத்து எஸ்டேட்டில் கேட் திறக்கவில்லை. நாளை மறுபடி போய்க் கேட்கப் போகிறான். இங்கே பள்ளிக்கூடத்தில்தான் படுக்கிறான். உங்களோடு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "மைக்குல அவ பேசுனது அத்தனையும் நெசம். அவகிட்ட நான் என்னத்தப் பேச" என்றான். திரும்பி வரும்போது நீங்களே முதலில் பேசிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. அடுத்த மருந்தடிப்பு தொடங்கிவிட்டது. நேற்று ஓடையில் புது டின்கள் கிடந்தன. மானேஜரிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். சங்கம் இல்லாவிட்டால் போகிறது, நீங்களும் தையல் வகுப்புப் பெண்களும் வாருங்கள். கேட்டுக்கு வெளியே உள்ள ஓடையில் யாரும் நம்மைத் தடுக்க முடியாது.

முனியாயி வீட்டுக்கு அண்ணன் கடைசியாகத்தான் போனான். நானும் கூடப் போனேன். ஜக்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் குடத்தை மட்டும் நீட்டினான். முனியாயி உள்ளே போய் டின்னைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள். அதற்குள் அவள் அன்றைக்குப் பிறகு தண்ணீரே ஊற்றவில்லை, விறகுச் சுள்ளி போட்டிருந்தாள். குடத்தை வாங்கினாள். அதன் வாயைத் தன் முகத்துக்கு நேரே வைத்து மோந்து பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இந்தக் கொடத்துல முன்னால என்னண்ணே இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல தாயி. புதுசு."

"புதுசுன்னுதான் அதையும் வித்தாங்க" என்றாள்.

அன்புடன்,
மூக்கம்மாள்